கட்டட வேலை என்று எழுதிக் கொடுத்தவர்

திங்கள், நவம்பர் 3

டெக்லனைத் தெருவில் விடப்போவது வீடு ஒதுக்கும் கவுன்சில்தான், வேறு யாருமில்லை. மழை. பஸ் தாமதம். வீடற்றோர் விடுதி மேசையில் கடிதம்: அவசர வீட்டுக்குத் தகுதியில்லை. வெள்ளியோடு அறை காலி. அறுபத்திரண்டு வயது, அயர்லாந்துக்காரர், ஒரு காது கேட்காது. நான் இங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து என் தேநீரைக் குறை சொல்லும் ஒரே ஆள்.

வாங்க: பால், சொக்ஸ், குளியலறை பல்ப்.

செவ்வாய், 4

மேல்முறையீட்டுக்காகக் கேட்டேன், காது எப்படிப் போனது என்று. "பீரங்கி."

கட்டட வேலையில் ஏது பீரங்கி? கதவைச் சாத்தச் சொன்னார். பிரிட்டிஷ் ஆமியில் பதினொரு வருடம். ஊரில் வேலையில்லை, கப்பலேறி லண்டன் வந்து சேர்ந்தவர். அம்மாவுக்குக்கூடக் கட்டட வேலை என்றுதான் கடிதம். பிறகு எல்லாப் படிவத்திலும் அதே.

அவருடைய இங்கிலீஷ் என் கையில் யாழ்ப்பாணத் தமிழாகிறது. ஆகட்டும்.

"எங்கட ஆக்கள் ஐரோப்பா முழுக்க ஆமியில நிண்டவங்கள், பிள்ளை. பிரெஞ்சுக்காரனுக்கு, ஸ்பெயின்காரனுக்குச் சண்டை பிடிச்சால் பாட்டுக் கட்டுவாங்கள். எங்களை ஆண்ட இங்கிலீசுக்காரனுக்கு எண்டால் அம்மாவின்ர யன்னலுக்குக் கல்லெறிவாங்கள்."

ஆமியில் காது போனவர் என்றால் வீட்டு வரிசையில் முன்னுக்கு. இதைச் சொல்லாமல், இங்கே வருமுன் மூன்று குளிர்காலம் வெளியில் படுத்திருக்கிறார். கோபம். யார்மேல் என்று தெரியவில்லை.

புதன், 5

ஆமியிலிருந்து விலகியதற்கான புத்தகம் எங்கே? அம்மாவின் செத்தவீட்டுக்குப் போகும்போது கப்பலில் நின்று கடலில் எறிந்துவிட்டாராம். துறைமுகத்தில் பையைத் திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று. பிரதி எடுக்க வாரக்கணக்காகும். இருப்பது இரண்டு நாள்.

விடுதிச் சமையல் சிவமண்ணையிடம் புலம்பினேன். பாரிசில் இருந்துவிட்டு வந்தவர்.

"பொய்க்காரன் எண்டுதான் எழுதுவாங்கள், தங்கச்சி."

"பொய்தானே அண்ணை."

"நானும் பாரிசில அகதிப் படிவத்தில எழுதிக் குடுத்தனான், ஊரில கடை வைச்சிருந்தனான் எண்டு. கடையைப் பற்றி ஒண்டும் கேளாத. வெங்காயத்தை வெட்டு."

வெட்டினேன்.

வியாழன், 6

டெக்லன் நாளைக்கு மேல்முறையீட்டுக்குக் கவுன்சிலுக்கு வரமாட்டாராம். வரிசையில் பாதி அவருடைய நாட்டுக்காரர். "அவங்களுக்கு முன்னால சொல்ல ஏலாது."

"தெருவில படுக்க ஏலுமோ?"

அதிகமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னேரம் பார்த்தால் ஷேவ் எடுத்திருக்கிறார்.

வெள்ளி, 7

வந்தார். கவுண்டரில் என் வயதுப் பெண். கோட்டில் சிவப்புக் காகிதப் பொப்பி, செத்த சிப்பாய்களின் நினைவாக.

"கட்டட வேலை எண்டு நீங்களே கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். இப்ப ஆமி எண்டுறீங்கள். எது பொய்?"

டெக்லன் திரும்பிப் பார்த்தார். பின்னால் எங்கள் விடுதிக் கிழவர், அவரும் அயர்லாந்து, டெக்லனோடு சீட்டு விளையாடுபவர்.

"கட்டட வேலை" என்றார் டெக்லன், சத்தமாக. பிறகு ஆமி நம்பர். எட்டு இலக்கம், மூச்சு விடாமல்.

கிழவர் சொன்னார்: "எனக்கு எப்பவோ தெரியும். உன்னைப் போல ஆமி மடிப்பில ஆர் கட்டில் விரிக்கிறான்?"

அவள் எதையும் குறிக்கவில்லை. கவுண்டர்க் கண்ணாடியில் முகம் முட்டக் குனிந்தேன். "அந்த நம்பரை எழுதுங்கோ. இல்லாட்டி, இந்த மனிசன் உங்கட ஆமியில இருக்கேல்லை எண்டு எழுதி, கையெழுத்து வைச்சுத் தாங்கோ."

நம்பரும் இல்லை, மறுப்பும் இல்லை: பேனாவின் மூடியைக்கூட அவள் கழற்றவில்லை.