கணினிக்குள் நீ விட்டுப்போன வசவு

மகாபிரபுவே,

நேற்றுக் காலை மேசைக்கு அடியிலிருந்து கணினிப் பெட்டியை இழுத்தேன். பின்பக்கத்து விசிறி இடுக்கிலிருந்து திருநீறு கொட்டியது. ஒவ்வோர் ஆயுதபூசைக்கும் நீ அள்ளி அப்பியது. பழனி மலையே சரிந்து என் காலடியில் விழுந்ததுபோல் இருந்தது. நான் போட்ட தும்மலில் சிங்கப்பூரே இல்லாவிட்டாலும் நம் புக்கிட் மேராவின் பாதி அடுக்குமாடிகள் ஆடியிருக்கும். இயந்திரத்தின் மூச்சுத் துளையில் சாம்பலைக் கொட்டிவிட்டு, "ஏன்டா இப்படிச் சூடாவுது?" என்று கேட்ட ஒரே கணினி மேதை இவ்வுலகில் நீதான்.

பெட்டியை இழுத்த காரணம் வேறு. என் பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புக் கிடையாதாம். தினமும் திரையில் ஒரு நீலப் பட்டை வந்து, புதியதற்கு மாறு என்று நச்சரித்தது. நீ இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். நீதான் மண்டாய் தகனச்சாலையில் புகையாகிப் போய் வசதியாக ஒதுங்கிக்கொண்டாயே!

ஜூரோங் கப்பல் பட்டறை அலுவலகத்தில் கணினிகளுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தவன் நீ. என் வீட்டுக்கு வரும்போது மட்டும் நிலவுக்கு ராக்கெட் விடப் போகிறவன்போல் நுழைவாய். என் மனைவி டீயும் வடையும் வைத்த பிறகுதான் திருவாய் மலரும். "ரெண்டு எடத்துல இல்லாத ஃபைல் உலகத்துலயே இல்லாத ஃபைல் லா." அதற்குப் பிறகு வெளி ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் நகல் எடுப்பாய். எடுத்ததும் அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொல்வாய். மாட்டியே வைத்தால் ஏதாவது ஆகும்போது அதுவும் சேர்ந்து சாகும் என்பாய். இத்தனை அறிவியலையும் என் காதில் ஊற்றிவிட்டு, ராகுகாலம் முடியும்வரை அந்தப் பொத்தானை அமுக்க மாட்டாய். சந்திரனில் இறங்கிய மனிதன் சகுனம் பார்த்துத் திரும்பி ஏறிய கதை!

உன் அட்டூழியங்களிலேயே பெரியது ஒன்று உண்டு. ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று மின்னிய ஒரு விளம்பரத்தை நான் ஒருமுறை தொட்டுவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து நச்சுநிரலைத் துடைத்தாய். துடைத்து முடித்து, என் மைக்கை வாங்கி, உன் குரலைப் பதிந்து, பிழை வரும்போது 'டிங்' என்று ஒலிக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டுப் போனாய். அன்றுமுதல் நான் எதைத் தவறாகச் செய்தாலும் கணினி கத்தும்: "டேய் எருமை, கைய எடு!"

தினமும் வந்து திட்டும் அந்த முரட்டு நண்பன் யாரென்று எதிர்வீட்டுச் சீன அம்மா கதவோரம் நின்று கேட்டார். "அங்கிள், யுவர் ஃபிரண்ட் எவ்ரிடே கமிங் ஆ? சோ ஃபியர்ஸ் வான்!"

நீ போன பிறகும் அந்த வசவு நிற்கவில்லை. உனக்குக் காணொளி பிடிக்காது, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவது அதைவிடப் பிடிக்காது. ஆகவே, உன் குரலென்று இந்த உலகில் மிஞ்சியது என்னை எருமை என்று அழைக்கும் அந்த ஒற்றை வரி மட்டுமே. என்ன அழகான சொத்து! ஆனாலும் புதிய இயங்குதளத்துக்கு மாறும்போது அது போய்விடக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

தேக்கா பக்கம் ஒரு கணினிக் கடைக்குத் தள்ளுவண்டியில் பெட்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரன் அதன் மூடியைக்கூடத் தொடவில்லை. "ஃபார்மட் பண்ணிடலாம் அங்கிள். எல்லாம் போயிடும், ஆனா செம ஸ்பீடா இருக்கும் லா." வீட்டைக் கொளுத்திவிட்டால் ஒட்டடை இருக்காது என்கிற மகாஞானி! வண்டியைத் திருப்பினேன்.

நானே செய்தேன். படங்கள், கடிதங்கள், உலாவியில் குறித்துவைத்த பக்கங்கள், தமிழ்த் தட்டச்சு அமைப்பு என்று என் பெயரில் இருந்த ஃபோல்டரை, அந்த அடைவு முழுவதையும் ஹார்ட் டிஸ்குக்கு ஏற்றினேன். மனைவியின் மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டு, கழற்றி அலமாரியில் பூட்டினேன். புதியதை நிறுவும் திரையில், கோப்புகள், செயலிகள், அமைப்புகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பார்த்தேன். ராகுகாலமா என்றும் பார்த்தேன். சிரிக்காதே.

இயந்திரம் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்து, "இதோ முடிந்துவிட்டது" என்று கல்யாண வீட்டுச் சமையல்காரன்போல் புளுகிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரை விடிந்தது. பேத்தியின் படம், கோணல்மாணலான சின்னங்கள், நான் அழிக்க மறந்த குப்பைகள் உட்பட எல்லாம் இருந்தன. சோதித்துப் பார்க்க, இல்லாத ஒரு கோப்பின் பெயரைத் தட்டினேன்.

"டிங்."

மின்தூக்கிக் கதவு திறப்பதுபோல், பணிவாக. தூ!

"என்னங்க," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "அண்ணன் திட்டலையா?"

அலமாரியைத் திறந்து ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடினேன். இல்லை. எப்படி இருக்கும்? அந்த ஒலியை நீ என் அடைவில் வைக்கவில்லை. இயங்குதளத்தின் சொந்த ஒலிகளோடு, அதன் வயிற்றுக்குள் கொண்டுபோய்ச் செருகியிருந்தாய். 'சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள எதையும் வைக்காதடா' என்று ஆயிரம் தடவை எனக்கு வேதம் ஓதிய வாய்! இரண்டு இடத்தில் வைக்கச் சொன்னவன், தன் குரலை ஒரே இடத்தில், அதுவும் வைக்கவே கூடாத இடத்தில் வைத்திருக்கிறாய். உன் மேதைமையை என்னவென்று புகழ!

எரிச்சலில் திரையைப் பார்த்தேன். இடம் நெருக்கடியாக இருக்கிறது, பழைய இயங்குதளத்தின் மிச்சத்தை நீக்கவா என்று இயந்திரம் கேட்டது. 'நீக்கு' என்ற பொத்தானுக்கு விரல் போய்விட்டது.

"கைய எடுங்க!" மனைவி கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "புதுசு போட்டாலும் பழசத் தூக்கிப் போட்டுராது, ஓரமாத்தான் வச்சிருக்கும்னு அண்ணன் சொன்னாங்கல்ல? அதுக்குள்ள பாத்தீங்களா?"

பார்த்தேன். பழைய அடைவு, அதற்குள் இன்னொன்று, அதற்குள் ஒலிகள். நீ வைத்த பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'எருமை.' தொட்டேன். சமையலறைவரை கேட்கக் கத்தினாய். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழம்பு அடிபிடிக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

இப்போது நீ கணினியில் இருக்கிறாய், ஹார்ட் டிஸ்கில் இருக்கிறாய். மூன்றாவது இடம் என் நெஞ்சம் என்று எழுதினால் எழுந்து வந்து உதைப்பாய். மூன்றாவது இடம் என் கைப்பேசி. மனைவி அழைத்தால் ஒலிப்பது நீதான். சற்றுமுன் தேக்கா மீன்கடையில் ஒரு கொடுவா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து கத்தினாய். "டேய் எருமை, கைய எடு!"

மீன்காரர் கத்தியோடு விறைத்து நின்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.