சுவர் வெளுக்காத வழக்கு

பாறைமேட்டுக்குப்பம்
5-11-2006

செல்லியம்மாள் அண்ணிக்கு, உங்கள் நாத்தனார் தேசம்மாள் எழுதிக்கொண்டது.

முப்பத்தஞ்சு வருஷம் கழித்து என்னிடமிருந்து காகிதம் வந்தால் கிழிக்கத்தான் தோன்றும். ஒரு தரம் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சுனாமியில் ஊரில் பாதி போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிச்சம் உள்ளவர்களுக்கு ரோட்டோரமாகக் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார்கள். எண்பத்திரண்டு வீடு. யார் யாருக்கு என்று பட்டியல் போடுவது நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதான். அதில் என் பேர் இல்லை. ஊர்த்தலைவர் நாட்டார் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். "ஊரை விட்டுத் தள்ளி வெச்சவளுக்கு ஊர் எப்படி வூடு கொடுக்கும்? வழக்கு வெச்சது உன் அண்ணி. அவ வாயால வழக்கு இல்லன்னு சொல்லட்டும், சேத்துக்கறோம்" என்றார்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு ஊர் கூடிப் பட்டியலை முடிக்கிறார்கள். நீங்கள் வந்து அந்த ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இப்போது நான் இருப்பது சவுக்குத் தோப்பு ஓரத்தில், தார்ப்பாய்க்கு அடியில். மழையில் ஆறு முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு போனால் நாலு நாள் வெளியே போக வழி கிடையாது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் நானும் நாய்களும். வயசும் அறுபது ஆகிறது.

தேசம்மாள்


இரும்புலியூர், தாம்பரம்
16-11-2006

தேசம்மாளுக்கு,

காகிதம் வந்தது. கிழிக்கவில்லை. மூணாங்கிளாஸ் படித்த கை, எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

உனக்கு என்னவோ மறந்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு எதுவும் மறக்காது. என் கல்யாணத்தன்று நீ வேண்டுமென்றே என் காலை மிதித்துவிட்டு ஓடினது முதற்கொண்டு நினைவு இருக்கிறது.

நம்ம ஊருக்கு முன்னால் கடல் பூராவும் பாறை. உள்ளே வர ஒரே ஒரு சந்து. மேட்டில் நிற்கிற ஒத்தைப் பனையும் உன் வீட்டுக் கடல்பக்கச் சுவரும் ஒரே நேராகத் தெரிந்தால்தான் கட்டுமரத்தை உள்ளே விடலாம். சுவர் வெள்ளையாக இருந்தால்தானே தெரியும். அதனால்தான் அந்த வீட்டில் வாழ வருகிற பொம்பளை ஐப்பசி மழை கரைக்கக் கரைக்க வெள்ளை அடிக்க வேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாடு. வேறு என்ன கேட்டது ஊர் உன்னை?

ஐப்பசி பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். சுவர் வெளுக்காமல் மண் நிறத்தில் கிடந்தது. உன் அண்ணன் வேறு யார் வீட்டுச் சுவரையோ பார்த்துக்கொண்டு கட்டுமரத்தோடு பாறையில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை என் மகள் மரகதத்துக்கு மஞ்சள் தண்ணி சடங்கு. சடங்குக்குப் போட்ட பந்தலில் அவரைக் கிடத்தினேன்.

ஊர் கூடி உன்னைக் கேட்டது, ஏன்டி வெளுக்கவில்லை என்று. நீ மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். தப்பு செய்யாதவள் அப்படி நிற்பாளா? பதில் சொல்லியிருந்தால் நான் வழக்கை அன்றைக்கே விட்டிருப்பேனோ என்னவோ.

மூணு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்து, தாம்பரம் மார்க்கெட்டில் கூடை வைத்து உட்கார்ந்தேன். அப்போது நீ வந்து பார்த்தாயா? இப்போது வீடு என்றதும் அண்ணி நினைப்பு வருகிறது.

நான் வர மாட்டேன்.

செல்லியம்மாள்


பாறைமேட்டுக்குப்பம்
3-12-2006

அண்ணிக்கு,

உங்கள் காகிதத்தை நாலு தரம் படித்தேன். ஒன்றும் பொய் இல்லை. சுவர் வெளுக்கவில்லை, நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எல்லாம் நிஜம்.

தாம்பரத்துக்கு ஒரு தரம் வந்தேன். எழுபத்தி நாலில். ரயிலடிப் பக்கம் நீங்கள் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் கிட்டே வருவதைப் பார்த்து எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். வந்த ரயிலிலேயே திரும்பிவிட்டேன்.

அந்தச் சுவர் இப்போது இல்லை. சுனாமி எடுத்துக்கொண்டது. பனை நிற்கிறது, தலை இல்லாமல். இப்போது பசங்கள் கையடக்கமாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், வழியை அதுவே சொல்கிறது. பனையைக்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுவர் போயும் அதற்குப் போட்ட தண்டனை மட்டும் நிற்கிறது. ஊர்க்குழாயில் நான் தண்ணி பிடிக்கப் போனால் இன்றைக்கும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்களெல்லாம் அப்போது பிறக்கவே இல்லை.

பழசு எதையும் நான் கேட்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட வேண்டாம், ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். உங்களுக்குப் புருஷன் என்றால் அவர் எனக்கு அண்ணன்.

தேசம்மாள்


இரும்புலியூர்
17-12-2006

தேசம்மாளுக்கு,

இங்கே எல்லாருக்கும் இருமல். பேரன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறான், வீட்டுக்கு வருவது தூங்கத்தான். விடிகாலையில் வண்டலூர் ஜூவில் சிங்கம் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கும். எனக்கு அது ஐப்பசிக் கடல் மாதிரி இருக்கிறது, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

எழுத வந்தது அது இல்லை.

உன் காகிதங்களை மரகதம் பார்த்துவிட்டாள். நேற்றுச் சோறு போடும்போது கேட்கிறாள்: "ஏம்மா, என் சடங்குக்கு நம்ம வூடு பளீர்னு இருந்துதே, அந்த மழையில சுண்ணாம்பு ஏது? சூளையெல்லாம் அணைஞ்சு கிடந்துதுன்னு நீயே சொல்லுவ." நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "இன்னாத்துக்கு இப்ப கோவிச்சிக்கினு போற, கேட்டது தப்பா?" என்று பின்னாலேயே வருகிறாள். அவளுக்கு அவள் அப்பன் வாய்.

உன்னை ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ உப்பங்கழியில் நண்டு பிடிக்கப் போயிருந்தாய். திரும்பி வந்து உன் சுண்ணாம்புத் தாழியைப் பார்த்தாயா? பார்த்ததை யாரிடமாவது சொன்னாயா? உன் புருஷனிடமாவது?

சுற்றி வளைக்காமல் எழுது.

செல்லியம்மாள்


பாறைமேட்டுக்குப்பம்
28-12-2006

அண்ணிக்கு,

பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூணு நாள் ஊற வைத்து, மழை விட்டதும் அடிக்கலாம் என்று வைத்திருந்த சுண்ணாம்பு. தாழியில் அடி வண்டல்தான் இருந்தது. அங்கிருந்து உங்கள் வாசல்வரை ஈர மணலில் வெள்ளைச் சொட்டு. உங்கள் வீடு புதுசாக மின்னியது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், சடங்கு வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குள் கரையில் கூச்சல். அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆம்பளைகள் மேடேறி வருவதற்குள், அந்தச் சொட்டையெல்லாம் காலால் மணலைத் தள்ளி மூடினேன்.

ஊர் கேட்டபோது சொல்லியிருக்கலாம். சொன்னால் தள்ளி வைப்பது உங்களையும் மூணு பிள்ளைகளையும். எனக்குப் பிள்ளை கிடையாது. அவ்வளவுதான் யோசித்தேன். என் வீட்டுக்காரர் கடைசிவரை கேட்டுப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை என்றுதான் அவர் அவருடைய அம்மா ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை.

ஊர் கூடும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணி. சுண்ணாம்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். வழக்கு இல்லை என்று மட்டும்.

தேசம்மாள்


இரும்புலியூர்
8-1-2007

தேசம்மா,

ஆமாம். நான்தான் எடுத்தேன்.

ரெண்டு குடம். கேட்டால் நீ இல்லை என்று சொல்லியிருக்க மாட்டாய், ஆனால் உன்னிடம் போய்க் கேட்க எனக்கு மனசு இல்லை. நீ வெயில் வந்ததும் வேறே ஊற வைத்துக்கொள்வாய், ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். வரப்போகிற சம்பந்திக்காரர்கள் கண்ணுக்கு வீடு அழகாக இருக்க வேண்டும் என்று என் கையாலேயே பூசினேன். அவர் பாறையில் ஏறினது என் வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஊரில் அன்று வெள்ளையாக இருந்த சுவர் அது ஒன்றுதான்.

உன் மேல் வழக்கு வைத்தால் அது உன்னுடைய தப்பு ஆகிவிடும் என்று வைத்தேன். உன்னை நான் நிஜமாகவே வெறுத்தேன், தேசம்மா. அது நடிப்பு இல்லை. வெறுக்க வெறுக்கத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஊருக்கு முன்னால் வந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. கால் வராது. இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். வழக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாட்டாரிடம் கொடு, ஒப்புக்கொள்வார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. மரகதம் என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள், அது இருக்கட்டும்.

செல்லி


பாறைமேட்டுக்குப்பம்
22-1-2007

செல்லியம்மாளுக்கு,

நேற்று ஊர் கூடியது. உங்கள் தாளை நாட்டார் உரக்கப் படித்தார். வழக்கு வைத்தவர் காலில் விழுந்து எழுந்தால்தான் தள்ளி வைத்தவரைச் சேர்ப்பது வழக்கம் என்றார்கள். நீங்கள் வராததால், தாளை ஒரு தாம்பாளத்தில் வைத்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்து, மணலில் இறக்கினார்கள். அதற்கு முன்னால் விழச் சொன்னார்கள். விழுந்தேன். முட்டி மடங்கவில்லை, ரெண்டு பொம்பளைகள் பிடித்து எழுப்பினார்கள்.

"புருஷனைப் பறி கொடுத்தும் மன்னிச்சுட்டா பாரு, அது மனசு" என்று நாட்டார் உங்களைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். என்னையும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

கடைசி வீடு, எண்பத்திரண்டாம் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது. இனிமேல் எனக்குக் காகிதம் போட வேண்டாம்.

தேசம்மாள்


இரும்புலியூர், தாம்பரம்
2-2-2007

தேசம்மாளுக்கு,

போட வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். உறையில் வைக்கவில்லை, கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், நாட்டார் வாங்கி ஊருக்கு முன்னால் படிக்கட்டும்.

எழுபத்தொண்ணாம் வருஷம் ஐப்பசி பத்தொன்பது வெள்ளிக்கிழமை, தேசம்மாள் ஊற வைத்த சுண்ணாம்பைத் திருடினது அஞ்சப்பன் பெண்சாதி செல்லியம்மாளாகிய நான். சுவர் வெளுக்காதது என்னால். அஞ்சப்பன் போனதும் என்னால். அவள் பேரில் குற்றம் கிடையாது. தெரிந்தே பொய் வழக்கு வைத்தேன். அவள் விழுந்த தாளும் பொய்த் தாள்.

ஊர் என்னைத் தள்ளி வைக்கட்டும். கடைசியில் என்னை அங்கே அவர் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று மரகதத்திடம் சொல்லி வைத்திருந்தேன். அதுவும் இனி வேண்டாம்.

இந்தக் கார்டை மரகதம் கையில் கொடுத்துத்தான் பெட்டியில் போடச் சொல்லப் போகிறேன். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கூப்பிட வேண்டும்.

செல்லியம்மாள்