கன்னத்தில் வைத்த அளவு

திங்கள், ஆடி 20

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட பாவாடை பக்கத்து வேலியில். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்பது ரவிக்கை தைக்கணும். மிஷினுக்கு எண்ணெய்.

மாமாவுக்கு லீவு முடிகிறது. வெள்ளிக்கிழமை மஸ்கட். இவரைக் கட்டி ஆறு வருஷம், சேர்ந்திருந்தது எட்டு மாசம். இந்தத் தடவை ரூம்காரரிடம் ஒரு பழைய கேமரா வாங்கி வந்திருக்கிறார். அங்கே கட்டில் பக்கத்தில் ஒட்ட என் படம் ஒன்று வேண்டுமாம். வந்த நாளிலிருந்து எடுக்கிறார். எல்லாவற்றிலும் நான் கரிக்கட்டை.

இன்று திருமயம் கோட்டை. உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். பின்னால் முழுக்க வானம். படத்தில் வானம் பிரமாதம். நான் நின்ற இடத்தில் ஒரு சேலை, அவ்வளவுதான்.

நாத்தனார் மலர்: “கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம்ல அண்ணி.”

கல்யாண ஆல்பத்திலும் இதே கதைதான்.

செவ்வாய், ஆடி 21

பவுடர் அப்பிக்கொண்டு நின்றேன். சுண்ணாம்பு அடித்த சுவர், பக்கத்தில் அவர் வெள்ளைச் சட்டையில். கேமராவை ஸ்டூலில் வைத்து டைமர். திரும்பவும் கருப்பு.

சாயங்காலம் போனில் எதையோ தேய்த்து என்னை வெளுக்க வைத்துக் காட்டினார். “பாரு புள்ள, எப்புடி!”

பார்த்தேன். யாரோ ஒருத்தி. “நல்லாத்தான் இருக்கா. அவளையே கூட்டிக்கிட்டுப் போங்க.”

சோறு போட்டேன், பேசவில்லை. கோபம்கூட இல்லை, அழுகைதான். ரெண்டு வருஷம் இந்த மனுஷன் எவளையோ பார்த்துக்கொண்டு படுக்கப் போகிறார்.

புதன், ஆடி 22

தூறல். ரவிக்கை ஒன்று முடிந்தது. மாமா மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராவோடு வந்த புத்தகமும் போனில் வீடியோவுமாக.

“வெளிச்சத்த அளக்குறதுக்கு மூணு மொறை இருக்காம் புள்ள.”

அளக்கிறது என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன். நம்ம தொழிலாச்சே. படம் முழுக்க அளப்பது ஒன்று. நடுவை மட்டும் பெரிசாக எடுத்துக்கொள்வது ஒன்று. சின்னப் புள்ளி ஒன்றை மட்டும் அளப்பது இன்னொன்று. எங்களுடையது இத்தனை நாளும் முதலாவதில் கிடந்திருக்கிறது. வானம், சுவர், அவர் சட்டை எல்லாவற்றையும் சேர்த்து அளந்து, வெளிச்சம் ஜாஸ்தி என்று மொத்தத்தையும் குறைத்துவிடுமாம். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

“ஊருக்கெல்லாம் சேத்து அளவெடுத்து எனக்கு ரவிக்கை தைச்சா இப்புடித்தான் இருக்கும்” என்றேன். சிரித்தார் பாருங்கள், இருமலே வந்துவிட்டது. எனக்கும் பேச்சு வந்துவிட்டது.

ஆறு வருஷமா முகத்தைக் குற்றம் சொல்லியிருக்கிறோம். எத்தனை டப்பா பவுடர்!

வியாழன், ஆடி 23

பவுடர் இல்லை. மிஷினில் உட்கார்ந்தேன், ஜன்னல் எனக்குப் பின்னால். புள்ளியை என் கன்னத்தில் வைத்து எடுத்தார்.

“அடி ஆத்தி! செவப்பா இருக்க புள்ள!”

மூக்குத்தி, மச்சம், எல்லாம் தெரிகிறது. ஆனால் வெளுத்திருக்கிறேன்.

“இதுவும் நான் இல்ல மாமா.”

முகம் வாடிவிட்டது பாவம். மறுபடி புத்தகம். கருப்போ வெள்ளையோ, புள்ளி வைத்த இடத்தை அந்தப் பெட்டி நடுத்தரமாக ஆக்கிவிடுமாம். கருப்பு வெளுக்கும், வெள்ளை மங்கும். அதற்கென்று கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டன் இருக்கிறது.

என் கையைக் கேமரா ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டார். கையைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார். ஒரு படி குறைத்தார். இன்னொரு படி.

“ஒன் நெறம் வார வரைக்கும் கொறைக்கிறேன். போயி ஒக்காரு.”

நாலாவது படத்தில் நான் வந்துவிட்டேன். கண்ணாடியில் தினம் பார்க்கிற அதே நான். என்னை இப்படி ஒருத்தரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மலர் எட்டிப் பார்த்து, “அண்ணி, நீங்க இம்புட்டு அழகா?”

“இன்னிக்குத்தான் தெரியுதாக்கும்.”

மத்தியானம் திருமயம் போய்ப் பிரின்ட் போட்டு வந்தார். ரவிக்கைக்கு ஊக்கு வைக்க மறந்தே போனேன்.

வெள்ளி, ஆடி 24

கார் ஆறரைக்கு. முறுக்கு, பருப்புப் பொடி, தைலம், ரெண்டு லுங்கி. படம் மட்டும் பெட்டியில் இல்லை, சட்டைப் பையில். வழியில் எடுத்துப் பார்க்கணுமாம்.

கேமராவை என்னிடமே கொடுத்துவிட்டார். வாசலில் நிற்க வைத்து நான் ஒன்று எடுத்தேன். டிரைவர் ஹாரன் மேல் ஹாரன். படத்தைப் பார்க்க நேரமில்லை.

ரெண்டு டம்ளர் காபி போட்டுவிட்டேன், பழக்கதோஷம்.

சனி, ஆடி 25

வெயில். ஒன்பதில் மூன்று முடிந்தது.

கேமராவைத் திறந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை சாம்பலாக இருக்கிறது. அதற்கு மேலே ஒரே இருட்டு. புள்ளி முகத்தில் இல்லை, சட்டைப் பையில் இருந்திருக்கிறது. என் படம் இருந்த பை. கண்ணில் தண்ணீரோடு எடுத்தால் வேறென்ன வரும்.

மத்தியானம் மாமா போன். ஒட்டிவிட்டாராம். ரூமில் எல்லோரும் பார்த்தார்களாம்.

“ஒங்க மொகத்தையே காணோம் மாமா” என்றேன்.



“பொறு புள்ள. நேர்லயே கொண்டாரேன்.”