நீலக் குடையை அழித்துவிட்டார்கள், அண்ணே

என் பிரியத்துக்குரிய அண்ணே,

நல்ல செய்தி ஏதாவது சேர்ந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அப்பா காலையில் நடக்கப் போகிறார். கிள்ளான் வீட்டுக் குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டோம். அவ்வளவுதான் நல்ல செய்தி. மற்றபடி எனக்குள் இருப்பது அருவருப்பு. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போவது?

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள்.

சனிக்கிழமை மதியங்களில், பிரிக்ஃபீல்ட்ஸ் டயாலிசிஸ் நிலையத்து நாற்காலியில் சாய்ந்தபடி நீ நடத்திய ஆட்டம் அது. நாங்கள் அவரவர் வீட்டில் கணினிக்கு முன்னால் இருப்போம். திரையில் நீ வரைந்த துறைமுக நகரத்தின் மேப். அதில் ஆளுக்கொரு வட்டப் பொம்மை. பகடை உருட்டுவோம், கதவைத் திறப்போம், காவலாளிகளிடமிருந்து ஒளிவோம். கதை எங்கள் கையிலும் உன் கையிலுமாக நகரும்.

உன் கை என்றால் ஒரே கை. இடது கையில் ஊசிகள் இருக்கும், அசைக்கக் கூடாது. அதனால் கீபோர்டின் ஷார்ட்கட் எல்லாவற்றையும் வலது பக்கத்துக்கு இழுத்து வைத்தாய். இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டியதை ஒரே கீயாக்கினாய். பக்கத்தில் தூங்குகிறவர்களுக்காகப் பேசவும் மாட்டாய். சொல்ல வேண்டியதையெல்லாம் மேப்பிலேயே காட்டுவாய். யாருடைய முறையோ அவர் பொம்மையைச் சுற்றி வெள்ளை வளையம். பார்க்க வேண்டிய இடத்தில் நீரலைபோல ஒரு வட்டம் விரியும். மேப்பின் மூலையில் நீலக் குடை விரிந்தால் நர்ஸ் மிஸ்ஸி பிரஷர் பார்க்க வந்திருக்கிறார் என்று பொருள். குடை மடங்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. குடையை யார் வேண்டுமானாலும் விரிக்கலாம்; ஒருவர் ஏன் விரித்தார் என்று இன்னொருவர் கேட்டதே இல்லை. அவ்வளவு மரியாதையான ஒரு மௌனத்தை நான் புத்தகங்களில்கூட அதிகம் பார்த்ததில்லை.

உன் பக்கத்து நாற்காலி ரெஜினா அக்காவை நீதான் ஆட்டத்துக்குள் இழுத்தாய். சுங்கை வேயிலிருந்து வருகிறவர், அப்பா ரயில்வேயில் இருந்தவர். தனக்குத் திருடி வேடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாரே, நினைவிருக்கிறதா? "ஞாயித்துக்கிழமை கோயிலு, சனிக்கிழமை திருட்டு. ஃபாதர்கிட்ட மட்டும் சொல்லிடாதப்பா!" அவருக்கும் ஊசி இடது கையில்தான். உன் கீ அமைப்பை அப்படியே அவர் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தாய்.

இனி குகன். உன் பள்ளித் தோழன், எங்களோடு ஆடியவன். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆட்டத்தை நடத்தும் உரிமையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நீ திரும்பி வரவில்லை.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆட்டத்தை இணையத்தில் லைவாகக் காட்ட ஆரம்பித்தான். மேப் முழுக்க மின்னல், புகை, தீப்பொறி. பார்க்கிறவர்கள் கைதட்டும் படங்களைத் தட்டிவிடுவார்கள், இவன் அதைப் பார்த்து நன்றி சொல்வான். நீ மாற்றி வைத்த கீ எல்லாம், எல்லோருடைய கணினியிலும், இரண்டு கைக்காரர்களுக்கான வழக்கமான இடங்களுக்கே போயின. வெள்ளை வளையம் போனது. குடையும் போனது.

ஒரு சனிக்கிழமை அக்காவின் திருடி ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். ரெஜினா அக்காவுக்கு பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. கை பழகியபடி குடையின் கீயை அழுத்தினார். புதிய அமைப்பில் அது பொம்மையை முன்னால் நடத்தும் கீ. மறுபடி அழுத்தினார். திருடி பீப்பாயை விட்டு வெளியே வந்து, காவலாளிகளின் விளக்கு வெளிச்சத்தில் நேராக நடந்தாள்.

"அலாமாக்! அக்கா தானாப் போயி சரண்டர் ஆவுது பாருங்க!" என்றான் குகன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும் முகங்கள் திரையில் வரிசையாக ஏறின. அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. "அக்கா லைன் ஸ்லோ லா, நாம போலாம்" என்று பகடையை உருட்டித் திருடியைக் கொன்றுவிட்டான். அந்த நேரத்தில் அங்கே, மயங்கிக் கிடந்த அக்காவின் கால்களை மிஸ்ஸி தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

அதோடு விட்டானா? அந்தத் துண்டை வெட்டி எடுத்து, மூலையில் உன் படத்தை ஒட்டி, "என் நண்பனுக்குச் சமர்ப்பணம்" என்று போட்டான்.  

யாருக்கும் போன் செய்யாத நான் அவனுக்குப் போன் செய்தேன்.

"குடையை ஏன் எடுத்தீங்க?"

"எந்தக் குடை? ஓ, அந்த நீலமா? அசிங்கமா மூலையில கெடந்துச்சு. பாக்கிறவங்களுக்கு மேப் கிளீனா இருக்கணும்லா, மாலினி."

"அக்காவுக்கு அன்னைக்கு மயக்கம் வந்திருக்கு."

"அலாமாக், அப்பவே சொல்லியிருக்கலாம்ல? வாய் இருக்குல்ல? கேம்தானே, நீ ஏன் இவ்ளோ சீரியஸ்?"

வாய் இருக்கிறதாம். உன்னோடு இத்தனை சனிக்கிழமை உட்கார்ந்திருந்தவன் சொல்கிறான்.

ஆட்டத்தின் மேப்கள் எல்லாம் நம் வீட்டுக் கணினியில்தானே ஓடுகின்றன. அவனுடைய உரிமையை எடுத்தேன். அந்தத் துண்டைப் போட்ட தளத்துக்குப் புகார் எழுதி நீக்க வைத்தேன். என்னைப் பைத்தியம் என்று குழுவில் எழுதினான். இருவர் அவனோடு போனார்கள். போகட்டும். நீ வைத்திருந்தபடியே ஒவ்வொரு கீயையும், வளையத்தையும், குடையையும் திரும்ப வைத்தேன். மிகவும் கவனமாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

ரெஜினா அக்கா இரண்டு மாதம் வரவில்லை. அழைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், செத்த திருடிக்குப் பதில் தற்காலிகமாக ஒரு பொம்மையோடு வந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் திணறினார். கதவைத் திறக்க வேண்டிய இடத்தில் விளக்கை அணைத்தார். வளையம் அவர்மேல் விழுந்தால் வெகுநேரம் ஒன்றும் நடக்காது. மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருந்தார். குகன் உடைத்த மனம் இன்னும் சேரவில்லை என்று நினைத்து அவனை மேலும் வெறுத்தேன்.

போன சனிக்கிழமை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் போனேன். உன் நாற்காலியில் ஒரு சீன அங்கிள் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரெஜினா அக்கா. ஊசிகள் அவருடைய வலது கையில் இருந்தன.

"அந்தக் கையில ஊசி போடுற ரத்தக்குழா அடைச்சுப்போச்சு, டியர். நெஞ்சு பக்கத்துல ட்யூப் போட்டு வச்சிருந்தாங்க, இப்ப இந்தக் கைக்கு மாத்திட்டாங்க" என்றார். இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, லேப்டாப்பின் வலது ஓரத்தை எட்டிக்கொண்டிருந்தார். 

"ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே!"

"உங்க அண்ணன் வச்சதாச்சே. நீ வேற அவ்ளோ பாடுபட்டுத் திரும்பக் கொண்டாந்த. எப்படிமா மாத்தச் சொல்றது?"

அண்ணே, அந்தக் கணம் எனக்கு வந்த அருவருப்பு குகன்மேல் வந்ததைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. அவன் உன் படத்தை மூலையில் ஒட்டினான். நான் உன் கீபோர்டுக்கு மாலை போட்டு வைத்திருந்தேன். இரண்டிலும் அக்காவின் கை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நீயாக இருந்திருந்தால் முதல் திணறலிலேயே கேட்டிருப்பாய், இல்லையா?

அங்கேயே முட்டுக்காலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடது பக்கத்துக்கு நகர்த்தினேன். அக்கா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, "இது சுண்டுவிரலுக்கு எட்டல, தள்ளு" என்று அதட்டினார். குடையைக் கட்டைவிரலுக்குக் கீழே வைக்கச் சொன்னார். நீ வைத்த இடத்தில் இப்போது ஒன்றுகூட இல்லை.

"திருடியையும் உயிரோட கொண்டாந்துடவா? என்னால முடியும்" என்றேன்.

"வேணாம் வேணாம். செத்தவ செத்தவதான். அவள வச்சுக்கிட்டு நான் என்னா பண்ண? போலீஸ்காரி ஒண்ணு குடு. அந்த குகன் மறுபடி வந்தான்னா புடிச்சு உள்ள போடணும்." மிஸ்ஸி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

நாளை மதியம் ஆட்டம். குகன் போனபின் ஆளுக்கொரு வாரம் நடத்தினோம். இனி நான்தான் நடத்தப்போகிறேன், ஆனால் உன்னைப்போல் நடத்த முயலப்போவதில்லை. புதிதாக யார் வந்தாலும், கதையைத் தொடங்குமுன் உங்களுக்கு எந்தக் கை வசதி என்று கேட்பேன். பதில் மாறினால் மறுபடி கேட்பேன். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இவ்வளவுதான்.

என்றும் உன் தங்கச்சி,
மாலினி