மெரூன் பைக்கு ஒரு மஞ்சள் கட்டம்

என் அவசரக்காரிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் சுகத்தை நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும், நீயோ போனில் கேட்டால் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால்தான் காகிதம், காகிதத்துக்குக் கட்டைவிரல் பதில் செல்லாது. மூன்று வாரம் தாமதமாக எழுதுகிறேன் என்று கோபிக்காதே, இந்த மூன்று வாரமாக உன்னால் என் வேலை போகப் பார்த்தது. எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

தெருமுனையில் மர அறுவை மில் இருந்ததே, அதை இடித்துப் பதினாறு மாடி எழுப்பிவிட்டார்கள். மோட்டார் பம்பு பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா இப்போது அங்கே லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நன்றாக ஓடினால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை, நின்றுபோனால்தான் கூப்பிடுகிறார்கள், அப்போது படியேறித்தானே போக வேண்டும், உலகத்திலேயே லிஃப்ட்ல போகாத ஒரே ஆளு நான்தான் என்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சிரிக்கிறார். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில்தான் என் புது ஆபீஸ். எங்கேயோ தூர தேசத்தில் ஆளில்லாமல் ஓடப்போகிற கார்களுக்கு நாங்கள் உலகத்தைக் காட்டிக் கொடுக்கிறோம். தெருப் படங்கள் வரும், மனிதர்களைச் சுற்றி மஞ்சள் கட்டம், வண்டிகளைச் சுற்றிப் பச்சைக் கட்டம், ஒரு நாளைக்கு நானூறு படம். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு உலகப் பொருளாதாரம் பரீட்சை எழுதியவள் நான் (கடைசிப் பேப்பர் வரை நீ பொறுக்கவில்லை, அன்றைக்கே அவசரம்). அந்தத் தடிப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது, ஒரு ஊர்க்காரி ரோட்டைக் கடக்க இன்னொரு ஊர்க்காரி உட்கார்ந்து கட்டம் போடுவாள் என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை.

படங்களில் ஊர்ப்பெயர் இருக்காது, முகங்களையும் மங்கலாக்கிவிடுவார்கள். ஆனால் ஒரு நாள் ஒரு படத்தில் நீல பஸ் வந்தது, நீ ஏறுகிற அதே நம்பர், பின்னால் நீ அனுப்பிய போட்டோவில் பார்த்த மருந்துக்கடை, அதே கோணல் போர்டு. இது என் பெண் இப்போது இருக்கிற ஊர். அன்றிலிருந்து எனக்குக் கட்டம் போடுவது வேலை இல்லை, உன்னைத் தேடுவதுதான் வேலை. முதுகில் பை மாட்டிய பெண் யாரைப் பார்த்தாலும் அது நீதான். கட்டத்தைத் தொடக் கூடாது என்றுதான் கார் படிக்கிறது, அப்படியானால் கட்டம் பெரிதாக இருந்தால் கார் கொஞ்சம் தள்ளியே நிற்குமே என்று எனக்கு ஒரு புத்தி. பை மாட்டிய பெண்களுக்கு மட்டும் இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் சேர்த்துப் போட்டேன். பக்கத்து நாற்காலியில் முன்பு தையல் கடை வைத்திருந்த அக்கா, ஏன்டி, வளர்ற பிள்ளைக்குச் சட்டை தைக்கற மாதிரி இவ்ளோ லூசா விடறே என்று கேட்டார். நான் அடுத்த படத்தைத் திறந்தேன்.

எங்கள் படங்களைச் சரிபார்த்து மார்க் போடுகிற பெண்ணுக்கு நாங்கள் வைத்த பேர் பூதக்கண்ணாடி. உன்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள், என் மார்க் தொண்ணூற்றேழிலிருந்து எண்பத்தாறுக்கு விழுந்ததும் வந்து நின்றாள். மவுஸ் சரியில்லை என்றேன், மாற்றித் தந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அக்கா, உங்க மவுஸுக்கு பை மாட்டின பொண்ணுங்களை மட்டும்தான் பிடிக்கலையா என்று கேட்டாளே பார், தையல்கார அக்கா மேசைக்குக் கீழே குனிந்து சிரிக்கிறார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா, நடைபாதையில நிக்கிற பொண்ணை ரோட்டுல நிக்கிறான்னு வண்டிக்குச் சொல்லிக் குடுக்கறீங்க, இப்படியே படிச்சா ஆள் எங்க முடியுது, ரோடு எங்க ஆரம்பிக்குதுன்னு அதுக்கு எப்படிக்கா தெரியும், உங்க பொண்ணுக்கே அது ஆபத்து இல்லையா என்றாள். நீங்க லூசாப் போட்ட முந்நூறு படத்தையும் திருத்தணும், ரெண்டு வாரத்துல தொண்ணூற்றஞ்சுக்கு மேல வரலைன்னா என்னால காப்பாத்த முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தவள், திரும்பி வந்து மெதுவாக, உங்க பொண்ணு பை என்ன கலர் என்று கேட்டாள். மெரூன் என்றேன்.

முந்நூறையும் இறுக்கிப் போட்டேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான். வீட்டில் புலம்பினால் அப்பா, அந்தப் படம் எடுத்து ஆறு மாசம் இருக்கும், அவ எப்பவோ ரோட்டைத் தாண்டிப் போயிருப்பா, நீ இன்னும் இங்கயே நில்லு என்கிறார். நேற்று கடைசிப் படமாகப் பூதக்கண்ணாடி ஒன்றை எனக்கென்று தனியாக அனுப்பினாள். அதே மருந்துக்கடை, நடப்பவர்களுக்கு சிக்னல் சிவப்பு, நடுரோட்டில் மெரூன் பை, உன்னைப் போலவே இடது தோள் கொஞ்சம் சரிந்து, தலையைப் போனுக்குள் கவிழ்த்தபடி ஒரு பெண். முகம் மங்கல். அது நீயா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ ஆமாம் என்றாலும் எனக்குத் தூக்கம் போகும், இல்லை என்றாலும் நம்பமாட்டேன்.

அவளுக்கும் கட்டத்தை இறுக்கியே போட்டுவிட்டேன். பையின் வாருக்கு இந்தப் பக்கம் ஒரு நூல் மிச்சமில்லை, செருப்பு நுனிக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் மிச்சமில்லை. தையல்கார அக்காவே எட்டிப் பார்த்து, இப்பதான் அளவா இருக்கு என்றார். மார்க் தொண்ணூற்றெட்டு, வேலை நிலைத்தது. ஆகவே கண்ணே, இத்தனை நாள் உனக்கென்று நான் விட்டுவைத்த அந்த ஒரு முழம் இனி என்னிடம் இல்லை. அதை நீதான் விட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பில் ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி நில், போனைப் பைக்குள் போடு, இரண்டு பக்கமும் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே போனாலும் முழுசாகப் போய் முழுசாகத் திரும்பி, நூறு வருஷம் நன்றாயிரு. பதிலை உன் கையெழுத்தில் எழுது, கட்டைவிரல் வேண்டாம். தபால்பெட்டி எதிர்ப்பக்கம் இருந்தால் பச்சை வரும்வரை காத்திரு, பதில் தாமதமானால் பரவாயில்லை.

உன்
அம்மா