சக்திவேலின் வலது கால்

ஜூலை 19, சனி
ஆடித் தள்ளுபடி மூன்றாம் நாள். பட்டு மாடியில் மூச்சு விட நேரமில்லை. சக்திவேல் மறுபடியும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வருஷமாக என் மேற்பார்வையில் சேலை விரிக்கிறவன். “நாலு எட்டு வச்சா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கி அண்ணாச்சி” என்றான். ரங்கநாதன் தெருவில் கால் வலி இல்லாத சேல்ஸ்மேன் எவன்? வழக்கம்போல என் மேசையிலிருந்து வலி மாத்திரை கொடுத்தேன். ஒன்று கேட்டான், இரண்டு கொடுத்தேன். கடை மூடும் வரை நின்றான்.

ஜூலை 24, வியாழன்
அவன் கட்டைவிரல் புண் ஆறவே இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவன் மனைவி மீனாட்சி சங்கரன்கோவிலில் இருக்கிறாள். இங்கே அவனுக்கு நான்தான். டாக்டர் ஷண்முகப்ரியா பாதத்தில் நாடி தேடினார். கிடைக்கவில்லை. “இது நின்னு நின்னு வந்த வலி இல்லை. காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு.” டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே தெளிவில்லையாம். ஊசியில் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் குழாய்களெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியுமாம். பீடி உண்டா என்றார். உண்டு. “வலி மாத்திரை அடிக்கடி எடுப்பீங்களா?”
சக்திவேல் என்னைப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் நான், “அதெல்லாம் கிடையாதும்மா” என்றேன்.
ஏன் சொன்னேன்? மாத்திரை கொடுத்து ஆளை நிற்க வைக்கிறேன் என்று வெளியே தெரிந்தால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது?

ஜூலை 26, சனி
ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. ஒன்றையொட்டி இருக்க வேண்டிய கிரியாட்டினின் இரண்டரை. காரணம் தெரியாமல் அந்த எம்.ஆர்.ஐ. மருந்தை ஏற்ற மாட்டார்களாம். சிறுநீரக டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமை அல்ல, அதற்கடுத்த திங்கள்தான் கிடைத்தது.

ஜூலை 29, செவ்வாய்
கடை விடுதியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே தூங்குகிறான். வலி தாங்கவில்லை என்று அழுதான். இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வேன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஆடிப்பெருக்கு. நல்ல வியாபாரம். விடுதிப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்
விரல் கறுத்துவிட்டது. கிரியாட்டினின் மூன்றரை. “ஏன் ஏறுதுன்னே புரியலையே” என்று, சிறுநீரக டாக்டருடன் நின்ற டாக்டர் ஷண்முகப்ரியா சொன்னதும் உண்மையைச் சொல்லிவிட்டேன் — என்ன மாத்திரை, மூன்று வருஷமாகத் தினம் இரண்டு, ஆடியிலும் தீபாவளியிலும் நாலு. அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். “மொதல் நாளே கேட்டேனே சார்.”
கேட்டாரே! கேட்டாரே, பாவி நான்!

ஆகஸ்ட் 9, சனி
திங்களன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரையை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, ஐந்து நாளில் கிரியாட்டினின் ஒன்றே முக்காலுக்கு இறங்கியது. இன்று படம் எடுத்தார்கள். “ஆடாம படுத்துக்கினு இரு நைனா” என்று மெஷின்காரர் அவனை உள்ளே தள்ளினார்.
திரையில் இரண்டு கால்களும் தெரிந்தன. இடது காலில் கோடுகள் கணுக்கால் வரை போயின. வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. “ரெண்டு வாரம் முன்னாடின்னா அடைப்பைத் திறந்து பார்த்திருப்பேன். நிச்சயம் காப்பாத்தியிருப்பேன்னும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். இப்போது பாதம் முழுக்கக் கிருமி. முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
சக்திவேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன் — மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்ததையும், என் பொய்யால் படம் தள்ளிப்போனதையும். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.
“அன்னைக்கு நான் சொல்லத்தான் வாயெடுத்தேன் அண்ணாச்சி. நீங்க இல்லேன்னு சொன்னதும், அதுதான் சரியா இருக்கும்னு நெனச்சிட்டேன்.”
அடித்திருக்கலாம் என்னை.

ஆகஸ்ட் 11, திங்கள்
காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். மீனாட்சி வந்த பஸ் செங்கல்பட்டில் மாட்டிக்கொண்டது. நர்ஸ் தாளை நீட்டி, “பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்றாள்.  ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி சக்திவேல், “அண்ணன்” என்றான். கையெழுத்துப் போட்டேன்.
பத்தரைக்கு மீனாட்சி வந்தாள். பையைக் கீழே வைத்த கையோடு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “நீங்க மட்டும் கூட இல்லேன்னா அவுக கதி என்னாயிருக்கும் அண்ணாச்சி?”
சாப்பிட்டாயாம்மா என்று கேட்டேன்.