வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

வாசல் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. இன்று கழற்றினேன், நைனா. உன்னை உள்ளே வைத்துப் பூட்ட நானே வாங்கி மாட்டியது. கழற்றிய இடத்தில் நான்கு ஓட்டைகள். பார்த்ததும் அழுதேன். ஆனால் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை பிரிப்பதை நம் ஊரில் பாடு என்போம். ஒருவர் முறையில் மற்றவர் இறங்கக் கூடாது. ஆயுசு முழுக்க அதை மீறாதவன் நீ. மறதி நோய் முற்றியதும் தினமும் விடியலில், "இன்னிக்கி நம்ம பாடு, வலைய எடு" என்று கிளம்பிவிடுவாய். "உன் பேரு சீட்டுலயே இல்ல நைனா" என்பேன். உண்மையைச் சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. உடனே அடிக்கக் கை ஓங்குவாய்.

நான் இறால் கூடையோடு மார்க்கெட் போகாவிட்டால் அடுப்பெரியாது. பூட்டிவிட்டுப் போவேன். "தங்கமான பொண்ணு, அப்பன வீட்லயே வச்சிப் பாத்துக்குது" என்று தெருவே மெச்சும். உள்ளே நீ கதவைப் பிறாண்டி நகம் பெயர்ந்து கிடப்பாய்.

ஒரு நாள் தாழ்ப்பாள் போட மறந்தேன். தேடிப் போனால், ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, முறைக்காரர்களின் வலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். யாரும் உன்னைத் திட்டவில்லை, கரையேற்றி விட்டார்கள். அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பொன்னேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் உன்னை விட்ட அன்று சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தான். "பெத்த அப்பன ஹோம்ல தள்ளிட்டியே, ஊரு இன்னா சொல்லும்?" நீ நோயில் கிடந்த நான்கு வருஷத்தில் ஒரு வேளைகூட உனக்குச் சோறு ஊட்டாதவன்.

அங்கே உன்னைக் கவனித்த ஆயாம்மா ஏரியைப் பார்த்ததே இல்லை. நீ கேட்டைப் பிடித்து ஆட்டியதும், பாடு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். மறுநாள் நீ கிளம்பியபோது, "இன்னிக்கி மத்தவங்க முறை, பெரியவரே. உங்களுது நாளைக்கி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டு உட்கார்ந்துவிட்டாய். "அதான, அடுத்தவன் முறைல நாம போவக்கூடாது." நீ கண்ணை மூடும்வரை பதினோரு மாதமும் இப்படியே போயிற்று. அந்த ஒரு வார்த்தை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் அண்ணன் ஊரார் முன்னால் மறுபடி ஆரம்பித்தான். "நாலு வருசம் என் முறை, நின்னேன்" என்றேன். "உன் முறை எப்போ வந்துச்சின்னு நீயே சொல்லு." அன்று ஏரியில் உன்னைக் கரையேற்றியவர்களில் ஒருவர் சோற்றைப் பிசைந்தபடியே, "பொண்ணு கேக்குறது சரிதான்" என்றார். அண்ணன் இலையை மூடினான்.

ஓட்டைகளை அடைக்கப் போவதில்லை. அப்பனை ஏன் ஹோமில் விட்டாய் என்று இன்னும் யாராவது கேட்டால் காட்டுவேன். நல்ல மகள் என்று இந்த ஊர் என்னை மெச்சியதெல்லாம் இந்தத் தாழ்ப்பாள் இருந்த நாட்களில்தான்.